320 ரூபாய் டிடிஎஸ் மீட்டர்: பதினோரு மாதம் முக்கிப் பார்த்ததில்

பேனாவைவிடக் கொஞ்சம் பருத்த பிளாஸ்டிக் குச்சி. மேலே சின்னத் திரை, கீழே ஒரு மூடி, மூடியைக் கழற்றினால் இரண்டு ஊசிமுனைகள். தண்ணீரில் முக்கினால், அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று ஓர் எண் வரும். சென்ற ஜூன் மாதம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். கடைக்காரர் 450 என்று ஆரம்பித்தார். நான் இரண்டு கடை தள்ளி நடந்ததும் கூப்பிட்டு 320க்குக் கொடுத்தார். உறையில் இருந்த விளக்கத்தாள் சீன மொழியில் இருந்தது, படங்கள் மட்டும் புரிந்தன.

இதற்கு மதிப்புரை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், நான் 31 ஆண்டுகள் தபால் நிலையக் கவுண்டரில் தராசோடு குடித்தனம் நடத்தியவள். காலையில் வந்ததும் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் ஒரு பார்சலையும் தொட்டதில்லை. இப்போது ஓய்வு. ஆதம்பாக்கத்தில் எட்டு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககத்தின் பொருளாளர் பதவி என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கள் ஊரில் அடுக்ககப் பொருளாளர் என்றால் முக்கால்வாசி வேலை தண்ணீர்க் கணக்குதான்.

மீட்டர் வாங்கும் ஆசையைக் கிளப்பியவர், தண்ணீரைச் சவ்வில் வடித்து உப்பை நீக்கும் ஆர்ஓ இயந்திரம் விற்க வந்த ஓர் இளைஞர். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, இந்த வித்தையைப் பலரும் காட்டுகிறார்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகள் கொண்ட ஒரு கருவியை வைத்து மின்சாரம் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் சாக்கடை நிறத்துக்குத் திரிந்து, மேலே பழுப்பு நுரை மிதந்தது. ஆர்ஓ தண்ணீர் தெளிவாகவே இருந்தது. “இதைத்தான் அம்மா தினமும் குடிக்கிறீர்கள்” என்றார், குரலில் உண்மையான வருத்தத்தோடு.

“அந்த நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு மறுபடியும் காட்டுங்கள், தம்பி” என்றேன். அவர் கருவியைப் பெட்டிக்குள் வைத்தார். டம்ளரில் மிதந்தது கம்பியிலிருந்து கரைந்த இரும்புதான். தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் கம்பி அரிக்கும். ஆர்ஓ நீரில் உப்பு மிகக் குறைவு, ஆகவே கம்பி தப்பித்தது. அவ்வளவுதான் மாயம். ஆனால் அதற்கு முன்பு அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய குச்சிமீது எனக்குக் கண் விழுந்துவிட்டது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிடிஎஸ் என்பது நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு, ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. ஆனால் இந்தக் குச்சி எதையும் நிறுப்பதில்லை. இரண்டு ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி, இத்தனை உப்பு இருக்கலாம் என்று ஊகிக்கிறது. மலிவான கருவி என்பதால் ஊகம் மோசமாக இருக்கும் என்று நினைத்தேன். இரு சக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடையிலிருந்து பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்து முக்கினேன். 2 காட்டியது. தெருமுனை நகைக்கடையில் ஒரு கிராம் உப்பை நிறுத்துத் தரச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பொன் நிறுக்கும் தராசில் நிறுத்து மடித்துக் கொடுத்தார். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் அதைக் கரைத்தால் ஏறத்தாழ 1000 வர வேண்டும். 968 வந்தது. 320 ரூபாய்க்கு இது போதும். என் கவுண்டர் தராசுகூடச் சில நாள் இதைவிட அதிகமாகப் பொய் சொல்லியிருக்கிறது.

குறைகளும் உண்டு. கொதித்து ஆறாத நீரில் வைத்தால் எண் தாறுமாறாக ஓடும். ஊசியில் காற்றுக்குமிழி ஒட்டினாலும் அப்படியே, டம்ளரில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ஊசிகளைக் கழுவித் துடைக்காமல் மூடினால் உப்புப் பொரிந்து, அடுத்த முறை பத்துப் பதினைந்து கூட்டிச் சொல்லும். ஐந்தாவது மாதத்தில் டிஸ்டில்டு வாட்டரிலேயே 9 காட்டியது. பித்தான் பேட்டரி இரண்டையும் மாற்றி, ஊசிகளை வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவியதும் 3க்கு இறங்கியது. பொத்தான் தேவைக்கு மேல் மிருதுவானது, பைக்குள் தானாக அழுந்திவிடும்.

வாங்கிய முதல் மூன்று மாதங்கள் எனக்குப் பித்துப் பிடித்திருந்தது என்றே வீட்டில் சொல்வார்கள். கைப்பையில் குச்சி, கூடவே 40 பக்க நோட்டு. யார் வீட்டுக்குப் போனாலும் காப்பிக்கு முன்னால் தண்ணீர் கேட்பேன்.

எங்கள் குழாயில் வரும் ஏரித் தண்ணீர் ஜூனில் 430. மழைக்குப் பிறகு ஜனவரியில் 285. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய்கண்டிகை, கடலூர் மாவட்டத்து வீராணம் ஆகிய ஏரிகள், ஆந்திரத்துக் கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உப்பு நீக்கிய கடல்நீர் என்று இத்தனை ஊற்றுகளை நம்பி இந்த நகரம் இருக்கிறது. எந்த வாரம் எது எதனோடு கலந்து வருகிறது என்பது குழாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் கோடையில் எண் ஏறுவதற்கு யாரையும் திட்ட வேண்டியதில்லை. ஏரி வெயிலில் வற்றும்போது ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ரசம் சுண்டினால் கரிப்பது போலத்தான்.

எங்கள் அடுக்ககத்தின் 220 அடி போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, வேறு கதை. மே மாதத்தில் 1340, டிசம்பரில் 990. அதே மனையில், பத்தடி தள்ளி இருக்கும் பழைய கிணற்றில் மழைக்குப் பிறகு 510. ஒரே நிலம், இரண்டு தண்ணீர். எங்களுக்குக் கீழே இருப்பது பரங்கிமலையின் வேர். அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கல்லும் இதே வகைப் பாறைதான், அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார்கள். மெட்ராஸ் மலைக்குக் கல்கத்தா சமாதியின் பெயர்! கெட்டியான பாறை, வெடிப்புகளில் மட்டுமே நீர் நிற்கும். வெடிப்பில் நெடுநாள் தங்கும் நீர் பாறையிலிருந்து சுண்ணம், மக்னீசியம், இரும்பு எல்லாவற்றையும் மெல்லக் கரைத்துக்கொள்கிறது. போர்த் தண்ணீரை வாளியில் பிடித்தவுடன் கண்ணாடி போல இருக்கும், ஒரு மணி நேரத்தில் செம்மண் நிறம் இறங்கும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிறது. கிணற்று நீர் அண்மையில் பெய்த மழை, பாறையோடு பழகும் அளவுக்கு அதற்கு வயதாகவில்லை. 2003இல் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, மொட்டைமாடிக் குழாயை இந்தக் கிணற்றில் விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பொருளாளருக்கு ஒரு கும்பிடு.

போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. சுண்ணம் பருப்பின் உயிரணுச் சுவர்களை இறுக்கிப் பிடித்துவிடுகிறது. இந்தப் பருப்பு இங்கே வேகாது என்ற பேச்சு வழக்கு, கடினநீர் ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் இங்கேதான் மீட்டரின் முதல் ஓட்டை தெரிந்தது. பெசன்ட் நகரில் என் தோழி வீட்டில் மணலில் இறக்கிய ஆழமில்லாத கிணறு, 640 காட்டியது. அதில் பருப்பு மசிந்து குழைகிறது. எங்கள் கிணற்றில் 510தான், ஆனால் அரைமணி கூடுதலாக வேக வேண்டும். அங்கே இருப்பது பெரும்பாலும் சமையல் உப்பு வகை, இங்கே இருப்பது சுண்ணம். குச்சிக்கு இரண்டும் ஒன்றே. தலையை எண்ணுகிறது, ஆள் யார் என்று கேட்பதில்லை.

அந்தத் தோழியின் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டியவர்கள் ஆழமாகப் போர் போட்டார்கள். அங்கே 2900. கடலோர மணலில் நன்னீர், கீழே இருக்கும் கடல்நீர்மேல் எண்ணெய் போல மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை கடல்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. ஆகவே மேலே ஒரு மீட்டர் உறிஞ்சினால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரத் துணியும். மணலைக் கொடுத்தது இயற்கை, மோட்டாரைப் போட்டது மனிதன். 2900 என்ற எண்ணில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துத் தர மீட்டருக்குத் தெரியாது.

இதன் முற்றிய வடிவத்தை மீஞ்சூரில் பார்த்தேன். என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் தோட்டத்துப் போரில் முக்கியதும் திரை நான்கு இலக்கத்தைத் தாண்டிப் பத்தால் பெருக்கிக்கொள்ளும்படி ஒரு குறியைக் காட்டியது. அவர் பார்க்கக்கூட இல்லை. “நான் சின்னப் பையனாக இருந்தபோது இதில் குடித்திருக்கிறோம்” என்று மட்டும் சொன்னார். 1960களின் இறுதியிலிருந்து நகரத்துக்கும் ஆலைகளுக்கும் அந்தப் பகுதிக் கிணறுகளிலிருந்து நீர் இறைக்கப்பட்டது. விவசாயிகளும் இறைத்தார்கள். கடல் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே நடந்து வந்தது. அதே மீஞ்சூர் பக்கம் 2010இல் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆலை வந்தது, நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர். கிணற்றுக்குள் கடலை வரவழைத்துவிட்டு, கடலிலிருந்து கிணற்று நீரைப் பிழிந்துகொண்டிருக்கிறோம்.

பெருங்குடியில் தங்கை மகள் வாடகை வீட்டுப் போர் 1870. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அருகில். 2022இல் அதை உலகின் முக்கியச் சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், அந்தச் சதுப்பின் ஒரு பகுதிமேல்தான் பல ஆண்டுகளாகக் குப்பை மலை நின்றது. கடலோரச் சதுப்பு மண்ணுக்கே இயல்பாகச் சவர் உண்டு. குப்பையிலிருந்து மழையில் வடியும் சாறும் எண்ணை ஏற்றும். 1870இல் எத்தனை சவர், எத்தனை சாறு? அங்கே குச்சியை மூடி பைக்குள் வைத்துவிட்டேன்.

தனியார் லாரித் தண்ணீர் ஒரு வாரம் 420, அடுத்த வாரம் 880. இந்த இடத்தில் மீட்டர் தன் விலையைச் சம்பாதித்துக் கொடுத்தது. ஓட்டுநர் முன்னால் முக்கி எண்ணைக் காட்டியதிலிருந்து எங்களுக்கு வரும் லோடு 500ஐத் தாண்டுவதில்லை. 20 லிட்டர் கேன் 38. மொட்டைமாடியில் பாத்திரம் வைத்துப் பிடித்த முதல் மழை 71, தூசியும் காக்கை எச்சமும் சேர்த்து. மூன்றாம் நாள் மழை 14.

வீட்டு ஆர்ஓவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மகன் வாங்கி மாட்டியது. உள்ளே போவது 300, வெளியே வருவது 45. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவாகப் போவதை வாளி வைத்து அளந்தேன். அந்தக் கழிவு 385, அதாவது ஜூன் மாதத்து ஏரித் தண்ணீரைவிட நல்லது! நாட்டின் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500 டிடிஎஸ் 500 வரை தடையின்றி ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. 500க்குக் கீழே உள்ள நீருக்கு ஆர்ஓவைத் தடை செய்யும்படி 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. விற்க வந்த இளைஞரின் வண்ண அட்டையில் 150க்கு மேல் எல்லாமே மஞ்சள், சிவப்பு. அந்த அட்டையை அச்சடித்தவருக்குத் தரநிலை வேறு, வியாபாரம் வேறு.

இதுவரை சொன்னது சுகமான பகுதி. இனிச் சொல்வது என் மீது நானே கொடுக்கும் புகார்.

ஜூலை மாதக் கூட்டத்தில், தரைக்கடியில் தண்ணீர் சேமிக்கும் 12,000 லிட்டர் தொட்டியின், அதாவது சம்ப்பின், சுவரில் விரிசல் இருக்கிறது, பூச வேண்டும் என்று முதல் மாடிக்காரர் சொன்னார். மேஸ்திரி கொடுத்த மதிப்பீடு 18,000 ரூபாய். கையிருப்பில் லிஃப்ட் பராமரிப்புக்கு வைத்திருந்த பணம்தான் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கூட்டத்தின் நடுவில் சம்ப்பில் ஒரு குவளை மொண்டு, குச்சியை முக்கி, “பாருங்கள், 410. தரநிலை 500. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம்” என்றேன். எண் என்றால் யாருக்கும் பேச்சு எழாது. தீர்மானம் தள்ளிப்போனது. அந்தச் சுவரிலிருந்து நான்கடியில்தான் எங்கள் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது எனக்குத் தோன்றவில்லை.

நவம்பரில் நான்கு நாள் அடைமழை. என் மாமியாருக்கு 81 வயது, செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் நெல்லிக்கட்டை போட்ட கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர். ஆர்ஓ நீரைச் சப்பென்று இருக்கிறது என்று தொடமாட்டார். மண்பானையில் குழாய் நீர்தான் அவருக்கு, காய்ச்சினால் கோபம் வரும். மழையின் இரண்டாம் நாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “தண்ணீரில் ஏதோ வாடை அடிக்கிறது” என்றார்.

நான் குச்சியை எடுத்தேன். 265. வாங்கிய நாளிலிருந்து எங்கள் குழாயில் பார்த்ததிலேயே நல்ல எண். “அத்தை, இதைவிடச் சுத்தமாக இதுவரை வந்ததே இல்லை, பாருங்கள்” என்று திரையை அவர் கண்ணருகே பிடித்தேன்.

“உன் குச்சிக்கு மூக்கு இருக்கிறதா?” என்று கேட்டார். பிறகு, மருமகள் படித்தவள் என்பதால், குடித்தார்.

மூன்றாம் நாள் இரவு அவருக்கு வயிற்றுப்போக்கு. நான்காம் நாள் முதல் மாடியில் இரண்டு பிள்ளைகள், தரைத்தளத்தில் காவலாளி. அத்தையை ஒருநாள் மருத்துவமனையில் வைத்து நரம்பில் திரவம் ஏற்றினார்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

எண் ஏன் குறைந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மழையில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி, சுற்றியிருந்த மண் ஊறி, விரிசல் வழியாக உள்ளே கசிந்திருக்கிறது. வீட்டுக் கழிவுநீரின் டிடிஎஸ் நாம் பயன்படுத்திய குழாய் நீரைவிடச் சில நூறுதான் கூடுதல். 12,000 லிட்டரில் எட்டுக் குடம் கழிவு கலந்தால் மீட்டரில் நான்கைந்து எண் ஏறும், அவ்வளவுதான். கூடவே கசிந்த மழைநீர் அதைவிட அதிகமாக எண்ணை இறக்கிவிட்டது. கிருமிக்குக் குச்சியின் கணக்கில் இடமே கிடையாது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று இரவு ஒரு டம்ளர் தண்ணீரில் ஐந்து கரண்டி சர்க்கரை கரைத்து முக்கினேன். பாகு மாதிரி இருந்தது. எண் நகரவில்லை, ஒன்றிரண்டு குறைந்தது என்றுகூடச் சொல்லலாம். சர்க்கரை கரையும், ஆனால் மின்சாரத்தைச் சுமக்காது. பூச்சிக்கொல்லியும் அப்படித்தான் ஒளிந்துகொள்ளும். கவுண்டர் தராசு கடிதத்தின் எடையைச் சரியாகச் சொல்லும், உள்ளே இருப்பது கல்யாணப் பத்திரிகையா கருமாதிப் பத்திரிகையா என்று சொல்லாது. 31 ஆண்டு அந்தத் தராசோடு இருந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்குச் சொன்னேன். சேவை அரைகுறை. மாதிரி எடுக்க வந்த பையன் பனிக்கட்டிப் பெட்டி இல்லாமல், குடித்துவிட்டுக் கழுவிய குளிர்பான புட்டியோடு வந்தான். கிருமிச் சோதனைக்கு நுண்ணுயிர் நீக்கிய புட்டி வேண்டும், குளோரினை முறிக்கும் மருந்து அதில் இருக்க வேண்டும், குழாய் வாயைச் சுட்டு, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும், குளிர்ச்சியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். இதெல்லாம் அவர்கள் தாளிலேயே எழுதியிருந்தது. திருப்பி அனுப்பினேன், மாலையில் எல்லாவற்றோடும் வந்தான். அறிக்கைக்கு ஐந்து நாள் என்றார்கள், ஏழு நாள் ஆயிற்று. ஆனாலும் அந்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் நான் தண்ணீருக்காகச் செலவழித்ததிலேயே உருப்படியான பணம். சம்ப் நீரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி இருந்தது. 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது விதி.

நான் கேட்காத இன்னொரு செய்தியும் அறிக்கையில் வந்தது. போர் நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 62 மில்லிகிராம். வரம்பு 45, இதற்குத் தளர்வே கிடையாது. பாறை இதைத் தருவதில்லை. பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்பு வீட்டுக்கு வீடு இருந்த செப்டிக் தொட்டிகளும், இன்றும் கசிகிற கழிவுக் குழாய்களும் மண்ணுக்குள் இறக்கியதுதான் நைட்ரேட்டாக மாறிப் போருக்கு வருகிறது. நாங்கள் போர் நீரைக் குடிப்பதில்லை, துவைக்கவும் கழுவவும்தான். நாங்கள் என்று எழுதும்போதே கை நின்றது. காவலாளியின் மனைவி ஏழு மாதக் கைக்குழந்தைக்கு மாவுப்பால் கரைப்பது கீழே இருக்கும் போர்க் குழாயில்தான். காய்ச்சித்தான் கொடுக்கிறாள், பாவம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, நீர் சுண்டுவதால் இன்னும் அடர்த்தியாகும். கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும் நோய்க்குப் பயந்துதான் அந்த 45 என்ற வரம்பே வைத்தார்கள். அன்று சாயங்காலமே குழாய்க்காரரைக் கூப்பிட்டு, கீழ்த்தளத்துக்கு ஏரித் தண்ணீர் இணைப்பு இழுத்துக் கொடுத்தேன். யாரிடமும் தீர்மானம் கேட்கவில்லை.

சம்ப்பைக் காலி செய்து, தேய்த்து, விரிசலை வெட்டிப் பூசினோம். நவம்பரில் மேஸ்திரியின் விலை 26,000. கழிவுநீர்த் தொட்டிக்குப் புதிய மூடி, பிளீச்சிங் பவுடர் கரைசல் நிரப்பி வைத்து வடித்தது, மேல்தொட்டியைக் கழுவியது எல்லாம் சேர்த்து 31,000ஐத் தொட்டது. லிஃப்ட் பணம் போயிற்று. இரண்டு மாதம் எல்லோரும் படியேறினோம்.

இனி வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வாங்கலாம், என்ன கேட்பதென்று தெரிந்திருந்தால். ஆர்ஓ வைத்திருப்பவர்களுக்கு இது அவசியம். வெளியே வரும் எண் 45லிருந்து 90, 120 என்று ஏறினால் சவ்வு தேய்ந்துவிட்டது என்று பொருள், பழுதுபார்க்க வருபவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்ககங்களுக்கும், கடலோரத்தில் போர் வைத்திருப்பவர்களுக்கும் நல்லது. மாதம் ஒருமுறை எழுதி வைத்தால் கடல் நகர்வது தெரியும். குடிக்கலாமா கூடாதா என்று கேட்பதற்கு இதை வாங்காதீர்கள். விலை கூடிய மாதிரிகளும் இதையேதான் செய்கின்றன. வெப்பநிலை காட்டும், உறை அழகாக இருக்கும். மூக்கு அதற்கும் கிடையாது.

குடிப்பதற்கு நான் இப்போது வைத்திருப்பது வேறு இரண்டு. ஒன்று, குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்து. குழாய் நீரில் விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். நிறமே வரவில்லை என்றால் வழியில் ஏதோ அதைத் தின்றிருக்கிறது. மற்றது ஹைட்ரஜன் சல்பைடு புட்டி. கிராமங்களில் குடிநீரைச் சோதிக்கப் பெண்களுக்குக் கொடுக்கும் பெட்டியில் இருக்குமே, அதுதான். கோடு வரை நீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வீட்டு வெப்பத்தில் வைக்க வேண்டும். கறுத்தால் கழிவு கலந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். ஆய்வகத்துக்கு மாற்றல்ல, ஆய்வகத்தைக் கூப்பிட வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும். ஐந்து நட்சத்திரத்தில் மீட்டருக்கு மூன்று தருகிறேன். வைத்திருந்தவளுக்கு ஒன்று.

நோட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது. தேதி, எண், அதற்கு அடுத்து அத்தை சொன்ன வார்த்தை. பிப்ரவரி 8: 290, நல்ல தண்ணீர். மார்ச் 2: 335, நல்ல தண்ணீர். மார்ச் 19: 350, பிளீச்சிங் நெடி. சென்ற மாதம் ஏப்ரல் 21 அன்று 405. சொம்பை முகர்ந்துவிட்டு அத்தை, “மழை பெய்த மண் மாதிரி மணக்கிறது” என்றார். வெயிலில் ஏரி சூடேறும்போது பாசியும் நுண்ணுயிர்களும் வெளியிடும் ஒரு பொருளின் வாசனை அது, கெடுதல் இல்லை. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். இதை அவரிடம் விளக்கினேன்.

“சரி, அந்தக் கறுப்புப் புட்டியில் ஊற்றிவிட்டாயா?” என்றார்.

ஊற்றினேன். இரண்டு நாள் அவர் இளநீரும் மோருமாகவே ஓட்டினார். மூன்றாம் நாள் காலையில் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், மருமகளும் மாமியாருமாக. நிறம் மாறவில்லை. அத்தை சொம்பை என் பக்கம் நீட்டினார்.